சுகர் இல்ல, பிரஷர் இல்ல... விவசாயிகளுக்கு ஏன் கிட்னி பாதிப்பு?

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகும் வழியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு; நிழலுக்குக் குறைவில்லை. வெட்டவெளி வயலில் குனிந்து களை எடுப்பவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அந்த வெயில் கிட்னியையும் பதம் பார்க்குதா என்பதுதான் இப்போது கேள்வி.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2023-ல் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். பாதிப்பு தெரிந்தவர்களுக்கு 3 மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட். முடிவு: 100-ல் 5 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சுகர், பிரஷர் என வழக்கமான காரணம் எதுவுமே இல்லை.

இது புதுசும் இல்லை. இலங்கையின் மதவாச்சி, பதவியா பகுதி நெல் விவசாயிகளிடம் 1990-களிலேயே இதைப் பார்த்தார்கள். ஆந்திராவின் உத்தானம், எல் சால்வடோரின் கரும்புத் தோட்டம் என எல்லா இடத்திலும் பாதிக்கப்படுவது வெயிலில் உழைக்கிறவர்கள்தான்.

கிட்னிக்குள்ள என்ன நடக்குது?

ஒரு கிட்னியில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது குட்டி வடிகட்டிகள். இவை தாயின் வயிற்றில் சுமார் 36-வது வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். அதன் பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு இந்தக் கையிருப்பே கம்மி.

வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும். ஒருநாள் என்றால் சரியாகிவிடும். தினமும் என்றால்? சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரை அந்த ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும். பூச்சிமருந்து, கிணற்று நீர் மீதும் சந்தேகம் இருக்கிறது. இதுதான் காரணம் என எதுவும் உறுதியாகவில்லை.

சிக்கல் எங்கே?

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். சுகர் நோயாளிக்கு இது அருமையான டெஸ்ட். ஆனால் காரணம் தெரியாத இந்த வகை நோயில், தொடக்கத்தில் புரதம் பெரிதாக வெளியேறுவதில்லை. ரிசல்ட் நார்மல் என வந்துவிடும். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால்தான் பிடிபடும். வயலில் வேலை செய்கிற அப்பா, அம்மா வீட்டில் இருந்தால் இந்த டெஸ்ட்டைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தாமதமானால் டயாலிசிஸ்: வாரம் 2, 3 முறை, தடவைக்கு சுமார் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். அந்த நாட்களின் கூலியைத் தராது.