சுவிஸ் சார், சுவிஸ்!

குன்னூர் எஸ்டேட் பங்களாவில் நண்பர் ஒருவர் மணிக்கட்டை நீட்டினார். 'சுவிஸ் சார்! இந்த ஃபினிஷிங் நம்மாளுக்கு வரவே வராது.' விலையை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

உங்களுக்கும் இப்படியொரு நண்பர் இருப்பார். அவரைக் கேளுங்கள்: 2002-ல் ஓசூர்க்காரர்கள் கொண்டுவந்த டைட்டன் எட்ஜ், மொத்த தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் மெஷின் வெறும் 1.15. அது யார் கைவேலை? 'அது பேட்டரி வாட்ச்தானே' என்று உதட்டைப் பிதுக்குவார். சரி, பேட்டரிதான். சாவி கொடுத்து ஓடிய எச்.எம்.டி. ஜனதாவை அவர் அப்பா கட்டியிருந்தாரே, அதையாவது மதித்தாரா? பரணில் போட்டார்.

கீழே கூவுகிற மலை ரயிலைப் பாருங்கள். அந்த எக்ஸ் ரகப் பல்சக்கர எஞ்சின் பிறந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில். 2010-களில் அதே ரகத்தைத் திருச்சி பொன்மலையில் நம்மாள் புதிதாகவே செய்து மலையேற்றிவிட்டான். நண்பர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், வாட்ச் தெரிகிற மாதிரி.