பொங்கலுக்குள் அவசரம் வேண்டாமே!



பொங்கல் நெருங்குகிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கையோடு தரையையும் மாற்றிவிடலாமே என்ற யோசனை புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கத் தாளை உரித்து அப்படியே ஒட்டும் வினைல் டைல்ஸ்தான் பலருடைய முதல் தேர்வு.

நல்ல பொருள்தான். கொத்தனார் வேண்டாம், பழைய தரையை இடிக்க வேண்டாம், வீடெல்லாம் சிமென்ட் தூசியும் இல்லை. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால், இது அதற்கான மாதமா?

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். தெருவில் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். தரைக்கு அடியில் இறங்கியது?

தரைத்தள வீடுகளில் சிமென்ட் தரை பார்வைக்குக் காய்ந்திருந்தாலும், அடியிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். வினைல் ஒருவகை பிளாஸ்டிக். அதை மேலே ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பசையைத் தளர்த்தும். ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், அடியில் பூஞ்சை பிடிக்கும். தூக்கி நிற்கும் ஓரத்தில் தாத்தா பாட்டி கால் இடறினால் என்ன ஆகும்?

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். குளியலறைச் சுவரோரத்திலும் ஒன்று ஒட்டுங்கள். பிரிக்கும்போது நீர் முத்துகளோ, தரை கறுத்திருப்பதோ தெரிந்தால் காத்திருப்பதே நல்லது. சித்திரை வெயிலிலும் ஈரம் மாறவில்லை என்றால் கசிவைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

தரை காய்ந்த பிறகும் கொஞ்சம் பொறுமை வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் பாலிஷும் போகக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். வெடிப்பு, பள்ளங்களை நிரப்பி மட்டப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் மேலே தெரியும். சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம் என்பதால், அறையின் நடுவில் நூல் பிடித்து அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஓரங்களை உருளையால் அழுத்துங்கள். சில நாட்கள் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டாம். பத்துக்குப் பத்து அறைக்கு ஓரடி டைல்ஸ் நூறு ஆகும். வெட்டுவதற்கும் பின்னால் மாற்றுவதற்கும் இன்னும் பத்து சேர்த்து வாங்குங்கள்.

வாடகை வீடா? உரித்தால் பசை தரையிலேயே தங்கிவிடும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரத்தை வினைல் டைல்ஸ்மேல் வைக்கக் கூடாது.

இந்தப் பொங்கலுக்குச் சுவர் மட்டும் புதுசாகட்டும். தரையைப் பங்குனி வெயில் காயவைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தை ஈரத்தின்மேல் ஒட்டி வீணாக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்