சோட்டா பீமும் எங்கட குளத்து முதலையும்

கடைகளில் தொங்குகிற பாம்பும் ஏணியும் மட்டைகளில் இப்ப சோட்டா பீம் நிற்கிறார், டோரா நிற்கிறா. படங்கள் வடிவுதான். ஆனால் பாம்பு ஏன் கடிக்குது, ஏணி ஏன் ஏத்துது எண்டு அந்த மட்டை சொல்லாது. அதனால நாங்கள் சொல்றது இதுதான்: வன்னியில் சின்னனுகளுக்கு மட்டை வாங்கிக் குடுக்கிறதை விட, அவையளோட இருந்து ஒண்டைக் கீறுங்கோ.

இது புது யோசனை இல்லை. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடுகிற பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போனபோதும் நல்ல செயல், கெட்ட செயல் எண்டு படம் போட்டார்கள். காலப்போக்கில் காரணம் உதிர்ந்து, படம் மட்டும் மிஞ்சிவிட்டது.

எப்படிச் செய்யிறது? ஒரு பிறிஸ்டல் போட்டில் ஆறுக்கு ஆறு, 36 பெட்டி கீறுங்கோ. நூறு பெட்டி எண்டால் ஐந்து வயதுப் பிள்ளை பாதியில் எழும்பிப் போயிடும். ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடமாக எண் போடவேணும். நாலு ஏணி, நாலு பாம்பு போதும். பாம்புக்குப் பதிலாகக் குளத்து முதலையைக் கீறினாலும் சரி. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த காட்டூனைக் கீறிப் போத்தல் மூடியில் ஒட்டினால் காய் தயார். பீம்தான் வேணுமெண்டால் பீமையே கீறட்டும்.

தாயக்கட்டை இல்லையா? ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து எறியுங்கோ. எத்தனை வெள்ளையோ அத்தனை பெட்டி. ஒண்டும் விழாட்டி அடுத்த ஆளுக்கு முறை. கணிதப் புத்தகத்துக் 'கோடாத தாயக்கட்டையில்' எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. இதில் மூன்று அடிக்கடி விழும், ஆறு அருமை. பிள்ளையள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பினம். போனில் விளையாடினால் போனே உருட்டும், போனே எண்ணும், போனே காயை நகர்த்தும். பிள்ளைக்கு என்ன வேலை?

விதி மூன்று. தொடங்க ஆறு விழவேணும் எண்ட விதி வேண்டாம். காத்திருந்தே சலிச்சுப் போகும். கடைசிப் பெட்டியைத் தாண்டினாலும் வெற்றிதான். ஏணியில் ஏறினாலும் பாம்பில் இறங்கினாலும், ஏனெண்டு சத்தமாய்ச் சொல்லவேணும்.

காரணங்களைப் பிள்ளையளே தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு ஏணியும் ஒரு பாம்பும் நாங்கள் கேட்டு வாங்குவம். ஏணி: மண்டையோட்டுப் பலகையைக் கண்டு திரும்பி வந்து பெரியாக்களிட்டச் சொன்னது. பாம்பு: பழைய இரும்பு எண்டு தெரியாத சாமானைத் தூக்கினது. 2009இல் போர் முடிந்து பத்து வருசம் கடந்தும் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தப் பிள்ளையள் போரைக் காணவில்லை, ஆனால் அது விட்டுப்போன மண்ணில்தான் ஓடித் திரியினம்.

விளையாட்டிலயும் பயங்காட்டவேணுமோ எண்டு சிலர் கேட்கலாம். பயங்காட்டுவதற்கு வேற வழிகள் நிறைய இருக்கு. இது பழக்குகிற வழி. மட்டையில் பாம்பு கடிச்சால் சிரிச்சுக்கொண்டு இறங்கி, அடுத்த முறை திரும்ப உருட்டலாம். காணிக்குள்ள அடுத்த முறை எண்டு ஒண்டில்லை.