கூரையில் ஓட்டை போட்டவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள்



போன வாரம் இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கும் என் மாப்பிள்ளை தன் பழைய மோட்டார்ஹோமை விற்றார். கூரையில் எங்கெங்கே ஓட்டை இருந்தது, எதை வைத்து அடைத்தோம் என்று வாங்க வந்தவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் அதைப் படித்துவிட்டு விலையில் 400 பவுண்டு குறைத்துக்கொண்டார். இவ்வளவுதான் நான் எழுதியது. நாலு பேர் மாப்பிள்ளையைப் பாராட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

பாராட்டினீர்களா? "இவ்வளவு அப்பாவியா உங்க மாப்பிள்ளை?" என்றார் ஒருவர். "மேலே ஏறிப் பார்க்காதது வாங்குறவன் தப்பு டீச்சர்" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது பழைய கார் வாங்கி விற்கிறான். "டீச்சர், இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். இந்த மூன்று பேருக்கும், அவர்களுக்கு விருப்பக்குறி போட்ட மற்றவர்களுக்கும்தான் இந்தப் பதில். நீளமாகத்தான் இருக்கும். 40 நிமிட வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, உட்காருங்கள்.

மோட்டார்ஹோம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வேன் மாதிரி ஒரு வண்டி. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். கரண்ட் இல்லாத இடத்தில் நிறுத்தினாலும் விளக்கு எரிய வேண்டுமே, அதற்காகக் கூரையில் சோலார் பேனல் வைப்பார்கள். டிவி பார்க்க டிஷ் வைப்பார்கள். காற்று வருவதற்குத் திறந்து மூடும் சன்னல்கூட மேலேதான் இருக்கும். வண்டியை மாற்றும்போது இதையெல்லாம் கழற்றிப் புது வண்டியில் மாட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்ற கேள்வி வரும். மாப்பிள்ளைக்கும் வந்தது. அப்போது நான் மகள் வீட்டில் இருந்தேன்.

அவர் வாங்கிய வண்டி புத்தம் புதியது அல்ல, இன்னொருவர் ஓட்டியதுதான். பழைய வண்டியின் கூரையில் 100 வாட் பேனல் இரண்டு இருந்தன. "அத்தை, நீங்க ஏணியை மட்டும் பிடிச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துல கழட்டிடறேன்" என்றார். மூன்று நாள் ஆனது.

ஏன் மூன்று நாள்? ஏழு வருஷத்துக்கு முன் அதை மாட்டிய ஆள், என்றைக்காவது யாராவது இதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. பேனலின் மூலைகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாங்கிகள் இருக்கும். அவற்றைக் கூரையோடு ஒட்டுவதற்கென்றே பாலியூரித்தேன் வகைப் பசை உண்டு. சரியாக ஒட்டினால் நெடுஞ்சாலைக் காற்றுக்குக்கூட அசையாது. இவர் ஒட்டியதும் இல்லாமல் திருகாணியும் முடுக்கியிருந்தார். எட்டுத் தாங்கிகள், தாங்கிக்கு இரண்டு திருகாணி, ஆக 16 ஓட்டை. வயர் உள்ளே இறங்க இன்னொரு ஓட்டை. மொத்தம் 17.

பசையை அறுக்க, மெல்லிய எஃகுக் கம்பியின் இரண்டு முனையிலும் மரக்கட்டையைக் கட்டி, ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். அதிகம் சூடு காட்டினால் கூரைத் தகடு உப்பிக்கொள்ளும். அசிட்டோன் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகிவிடும். இரும்புக் கரண்டியால் சுரண்டினால் கூரையில் கீறல் விழும். பிளாஸ்டிக் சுரண்டியை வைத்து அங்குலம் அங்குலமாகத்தான் எடுக்க வேண்டும். எனக்கும் ஒரு சுரண்டி கொடுத்தார்கள்.

பேனலில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், அதற்கு சுவிட்ச் கிடையாது. அதனால் தடித்த போர்வையால் மூடிவிட்டுத்தான் வேலை. கழற்றும்போது பேனல் வயரை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் கெட்டுப்போகலாம். பயப்படாமல் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

17 ஓட்டைகளை என்ன செய்வது என்று மாப்பிள்ளை ஒரு பட்டறையில் விசாரித்தார். அவர்கள் சொன்ன யோசனை: "சிலிக்கானை அப்பி, மேலே வெள்ளை டேப்பை ஒட்டிவிடு. கூரையில் ஏறி யார் பார்க்கப் போகிறார்கள்?"

அந்த வாரம் மாப்பிள்ளை அதைத்தான் செய்யப் போகிறார் என்று தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாமியார் மருமகனைத் திருத்தும் வழக்கம் நம் பக்கம் உண்டா? வாயை மூடிக்கொண்டேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் மனம் மாறியது என் போதனையால் அல்ல.

வார இறுதியில் புதிதாக வாங்கிய வண்டியில் வேல்ஸ் போனோம். இரவு நல்ல மழை. டிரைவர் இருக்கைக்கு மேலே இருக்கும் படுக்கையில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நடுராத்திரி "அம்மாச்சி, மேலேருந்து தண்ணி சொட்டுது" என்று எழுப்பினாள். தொட்டுப் பார்த்தால் தலையணை முழுக்க ஈரம்.

காலையில் மாப்பிள்ளை கூரை மேல் ஏறிப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளை டேப். உரித்தால் அடியில் சிலிக்கான். அதற்கும் அடியில், பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. முந்தைய சொந்தக்காரர் தன் டிஷ்ஷைக் கழற்றித் தன்னுடைய அடுத்த வண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நமக்கு விட்டுப் போனது டேப்.

ஊர் திரும்பியதும் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்துச் சோதித்தார்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பார்கள். அந்த மூலையில் 30-ஐத் தாண்டியது. இந்த வண்டிகளின் கூரை மேலே மெல்லிய தகடு, நடுவில் நுரைப்பலகையும் மரச்சட்டங்களும், கீழே பிளைவுட் என்று அடுக்காக இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. சட்டத்தைப் பிரித்தபோது டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. சரிசெய்ய 3,000 பவுண்டுக்கு மேல் ஆனது.

"அம்மா, வாங்கும்போது 'ஒழுகுதா'ன்னு கேட்டோம். 'நான் வச்சிருந்த வரைக்கும் ஒழுகலை'ன்னுதான் சொன்னார்" என்றாள் மகள். அவர் பொய் சொல்லவில்லை பாருங்கள். ஓட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நாட்டில் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அன்று மாலை மாப்பிள்ளை பழைய வண்டியின் கூரையில் ஏறினார். இரண்டு மூன்று ஓட்டையில் ஏற்கெனவே அப்பியிருந்த சிலிக்கானைத் துளி விடாமல் சுரண்டினார். சிலிக்கான் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதன் மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது. பிறகு ஒவ்வொரு ஓட்டையையும் அதற்குரிய பசையால் அடைத்து, மேலே மூடித் தகடு ஒட்டி, புகைப்படம் எடுத்து, கூரையின் படம் வரைந்து 17 இடத்தையும் குறித்தார். அந்தத் தாளைத்தான் வாங்க வந்தவரிடம் கொடுத்தார். அதற்குத்தான் 400 பவுண்டு.

இப்போது உங்கள் மூன்று பேரிடமும் வருகிறேன்.

"வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும்" என்றவரே, பத்தடி உயரத்தில் இருக்கும் கூரையை, டேப்புக்கு அடியில், எந்தக் கண்ணால் பார்ப்பது? பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? விடைத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஏன் மதிப்பெண் போடவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

"அப்பாவி" என்றவரே, நீங்கள் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். புது பேனலே 100 பவுண்டுக்குள் கிடைக்கும்போது பழையதைக் கழற்ற மூன்று நாள் எதற்கு என்று. இது நியாயமான கேள்வி, இதில் உங்கள் பக்கம் பாதி உண்மை இருக்கிறது. கூரையோடு முழுசாக ஒட்டிய வளையும் பேனல் என்றால் தொடவே கூடாது, எடுக்கும்போதே உடைந்துவிடும். பழைய பேனலையும் வண்டியோடு விட்டுவிடுவதே பல நேரம் லாபம். விலை கூடிய டிஷ், ஏசி மாதிரியானவற்றைக் கழற்றினால் அர்த்தமுண்டு. கழற்றுங்கள், விட்டுவிடுங்கள், அது உங்கள் கணக்கு. கழற்றிய இடத்தை மறைப்பதுதான் என் சண்டை.

வியாபாரம் செய்யும் என் மாணவனே, உன்னிடம்தான் அதிகம் சொல்ல வேண்டும். "சொன்னால் நஷ்டம்" என்கிறாய். 400 பவுண்டு போனது உண்மைதான். சொல்லாமல் இருந்திருந்தால் அது மிச்சமாகியிருக்காது, அடுத்தவர் தலையில் 3,000-ஆக விழுந்திருக்கும். எங்கள் தலையில் விழுந்தது அப்படித்தான். முந்தையவர் மிச்சம் பிடித்த பணத்தை நாங்கள் வட்டியோடு கட்டினோம்.

உனக்கு நம் பள்ளிக்கூடத்தின் மேற்கு அறை நினைவிருக்கிறதா? மொட்டைமாடியில் டிவிக்கு ஒரு டிஷ் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கழற்றிக்கொண்டு போனார்கள். போல்ட் இருந்த நாலு குழியை யாரும் அடைக்கவில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, ஒருநாள் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, மதிய உணவு நேரம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உங்களையெல்லாம் அறையின் ஒரே பக்கமாக நெருக்கி உட்கார வைத்தேன். இடம் போதவில்லை என்று நீதான் தினமும் புகார் சொல்வாய். அந்தக் குழிகளைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சட்டி சிமெண்டோடு போயிருக்கும்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பழக்கம், பாடம் முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வெளியே வருவது. அடுத்து வருகிறவர் வந்ததும் தன் வேலையைத் தொடங்க வேண்டும், நம் வேலையை அவர் செய்யக் கூடாது. அந்த டிப்ளமாவை வைத்துக்கொண்டு 34 வருஷம் வேலை பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெரிய தத்துவம் இவ்வளவுதான்.

வண்டிக் கூரைக்கும் இதையே சொல்கிறேன். மாட்டும் நாளிலேயே கழற்றும் நாளை யோசியுங்கள். இந்த முறை மாப்பிள்ளை தாங்கிகளைப் பசையால் மட்டும் ஒட்டினார். பேனலைத் தாங்கியோடு போல்ட் போட்டு முடுக்கினார். நாளைக்குப் பேனலை மட்டும் கழற்றலாம், கூரையைத் தொட வேண்டாம். வயரை ஏற்கெனவே இருந்த வழியிலேயே இறக்கினார், புது ஓட்டை ஒன்றுகூட இல்லை.

எடையையும் பார்த்தார். ஒரு பேனல் ஏழெட்டுக் கிலோதான், ஆனால் அவர் வண்டிக்கு 3,500 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 1997-க்குப் பிறகு அங்கே கார் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு அதுதான் எல்லை. நம் இந்திய லைசென்ஸை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். இவரும் புதிதாகப் பரீட்சை கொடுத்து வாங்கியவர்தான். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் உள்ளே ஒரு கிலோவைக் குறைக்க வேண்டும். உயரத்தையும் மறுபடி அளந்தார். மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் டிரைவர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மேலே எதையாவது மாட்டியபின் பழைய அளவையே நம்பிப் பாலத்துக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார். என்ன பசை, எந்தத் தேதி, எந்த இடம், வயர் எப்படிப் போகிறது, ஃப்யூஸ் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவருக்காக மட்டும் அல்ல. பத்து வருஷம் கழித்து அந்த வண்டியில் ஏணி வைத்து ஏறப் போகும், முகம் தெரியாத ஒரு மனிதருக்காகவும்தான்.

நம் ஊரிலும் மொட்டைமாடிதோறும் சோலார் ஏறிக்கொண்டிருக்கிறது. வீடு மாறுவீர்கள், வீட்டை விற்பீர்கள், கூரையைப் பழுதுபார்க்க வேண்டிவரும். அப்போது கழற்றத்தான் வேண்டும். மாட்ட வருகிற ஆளிடம் "இதை எப்படிக் கழற்றுவது?" என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை மேலே ஏற விடாதீர்கள்.

எனக்கு எதிர்க்கருத்து எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். என் பேத்தி பார்த்தாள், நடுராத்திரியில், நனைந்த தலையணையோடு.

கார் விற்கும் தம்பி, நீ கடையை மூட வேண்டாம். அடுத்த வண்டி விற்கும்போது ஒரே ஒருமுறை, இருக்கிற குறையைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பார். எவ்வளவு குறைந்தது என்று எனக்கு எழுது. அந்த ஆள் மறுபடி உன்னிடமே வந்தாரா என்பதையும் எழுது.