இசைப்பெட்டிக்கும் ஒரு திருப்பணி

ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் சந்திரசூடேஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். அந்த ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில்தான் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் மூதறிஞர் ராஜாஜி பிறந்தார். 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், மார்கழி மாதத்தில், தமது 94-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆயினும் அவருடைய குரல் நம்மை விட்டுப் போகவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய ‘பஜ கோவிந்தம்’ இசைத்தட்டில், பாடல் தொடங்குமுன் முதியவர் ஒருவர் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் முன்னுரை கூறுவார். அவர் ராஜாஜியே. ஆதிசங்கரர் அருளிய அந்த நூலை முன்வைத்து, ஞானமும் பக்தியும் வேறு வேறல்ல என்பதை அவர் அதில் விளக்குகிறார். அதே தட்டில் விஷ்ணு சகஸ்ரநாமமும் உண்டு.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், பல மாவட்டத்தாரும் ஓசூரில் குடியேறினர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் எல்லைப்புற ஊர் இது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அக்காலத்தில் இசைத்தட்டு வாங்கிய இல்லங்களில், தட்டுகள் இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றை ஒலிக்கச் செய்த ஸ்டீரியோ ரிசீவரும், அதாவது வானொலியும் ஒலிபெருக்கும் கருவியும் ஒன்றாய் அமைந்த பெட்டியும், தூசு படிந்து அருகில் இருக்கிறது. “இனி யார் கேட்கப் போகிறார்கள்?” என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடத் துணிவோர் பலர். அவர்கள் ஒரு கணம் நிதானித்தால் நல்லது.

பழைய ஆலயம் சிதிலமடைந்தால் நம் பெரியோர் அதை இடித்துத் தள்ளவில்லை, ஜீர்ணோத்தாரணம் செய்தார்கள். சிதைந்த கல்லை மட்டும் மாற்றி, நல்ல கல்லை நல்ல கல்லாகவே போற்றினார்கள். பழைய ரிசீவரைச் சீர்செய்வதும் ஏறக்குறைய அதே முறைதான்.

இசைத்தட்டில் ஓடும் மெல்லிய பள்ளத்துக்கு இரு சுவர்கள் உண்டு. ஸ்டீரியோ தட்டில் ஒரு சுவர் இடப்புற ஒலியையும் மற்றது வலப்புற ஒலியையும் தாங்கி நிற்கும. வைர முனை அவற்றைத் தடவிச் செல்லும்போது எழும் மிகச் சிறிய மின்னலையை ரிசீவர் பெருக்கித் தருகிறது. ஆண்டுகள் பல சென்றதும் அதனுள் இருக்கும் சில மின்தேக்கிகளின் ஈரம் உலர்ந்துவிடும். அதனால் ‘உம்’மென்ற இரைச்சல் எழும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் அழுக்குச் சேர்ந்தால் கரகரப்புத் தோன்றும். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்தால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு மெதுவாகச் சுழலும். சுருதி இறங்கும், காலப்பிரமாணமும் தளரும். இவை யாவும் பெரும்பாலும் தீர்க்கக்கூடிய குறைகளே. தேக்கிகளை மாற்றி, குமிழைத் துடைத்து, புதுப் பெல்ட் இட்டால் போதும். மரப்பெட்டியும் அலைவரிசைக் கண்ணாடியும் பழையனவாகவே இருக்கலாம்.

நெடுநாள் உறங்கிய பெட்டியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகலாகாது. அனுபவமுள்ள தொழில்நுட்பர், முதலில் சீரீஸ் பல்பு வழியாகவே மின்சாரம் தந்து பார்ப்பார். பல்பு விடாமல் பளீரென எரிந்தால் உள்ளே பழுது உண்டென்று பொருள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆதலால் முதியோர் தாமே பெட்டியைத் திறவாதிருத்தல் நலம். பாகங்கள் வேண்டுமெனில், ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரின் எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் தேடலாம்.

தட்டுகளைப் புத்தகங்களைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாளடைவில் வளையும். வெயிலும் ஈரமும் ஆகா. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழந்தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். அத்தட்டுக்குரிய தடித்த ஊசியைப் பிற்கால நெடுந்தட்டில் வைத்தால் பள்ளம் கெடும்.

“இதே பாட்டு கைப்பேசியில் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?” என்று பேரப்பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைப்பேசியில் பாட்டு ஒலிக்கும்போதே நாம் வேறு வேலையில் இருப்போம். நடுவில் அழைப்பு வரும், பாட்டு நிற்கும். இசைத்தட்டோ நம்மை அருகில் உட்கார வைக்கிறது. உறையிலிருந்து எடுத்து, துடைத்து, ஊசியை மெல்ல இறக்கி, ஒரு பக்கம் முடியும்வரை காத்திருந்து, மறுபக்கம் திருப்ப வேண்டும். பாகவதத்தில் பிரகலாதன் கூறும் ஒன்பது வகைப் பக்தியில் முதலாவது சிரவணம். காதில் விழுவதெல்லாம் சிரவணம் ஆகிவிடாது. மனம் ஒன்றிக் கேட்பதே சிரவணம். அதற்குப் பழகிக்கொள்ள இந்தப் பெட்டி துணை செய்கிறது.

வரும் மார்கழிக்குள் பரணிலிருந்து அதை இறக்கிச் சீர்செய்து வைக்கலாம். வைகுண்ட ஏகாதசியன்று மாலை விளக்கேற்றியபின், பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்தி, ஊசியை இறக்கும் பொறுப்பை அக்குழந்தையிடமே தரலாம். முதலில் தொரப்பள்ளியில் பிறந்த பெரியவர் பேசுவார். அவரைத் தொடர்ந்து அம்மையார் பாடுவார். அது யாருடைய குரல் என்று குழந்தை கேட்கும். பதில் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அந்தக் கேள்வி எழட்டும்.