மீன்தொட்டிக்கு மயில்துத்தம் எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் மயில்துத்தம் என்ற தாமிர சல்பேட்டை அறியாத விவசாயி இருக்க மாட்டார். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தாலும், மேலே மலையில் ஏலச்செடிக்கு அழுகல் கண்டாலும் அதில் செய்யும் போர்டோ கலவைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நீலக் கல்லை வீட்டு மீன்தொட்டிக்கும் கொண்டுபோகும் யோசனை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியில் நத்தைகள் பொட்டுப் பொட்டாக ஏறத் தொடங்கியதும், "ஒரு சிட்டிகை துத்தம் கரைச்சு ஊத்துங்க, ராத்திரியோட முடிஞ்சிரும்" என்பார்கள். துத்தம் வேண்டாம் என்பவர்களுக்குக் கடையில் சீசாவில் நத்தை மருந்து கிடைக்கிறது. அவற்றில் பலவற்றிலும் வேலை செய்வது அதே தாமிரம்தான்.

நத்தை வந்தால் தண்ணீர் கெடும், செடி அழியும், நோய் பரவும். ஆகவே மருந்து ஊற்றியோ நத்தை தின்னும் மீனை விட்டோ உடனே ஒழித்துவிட வேண்டும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. இதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முழுசாக நிற்பதில்லை.

"நத்தை தண்ணீரைக் கெடுக்கிறது"

காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்லும் வாதம் இது. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் சின்னஞ்சிறு குமிழ் நத்தை இருபால் உயிரி. துணை கிடைக்காவிட்டால் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். நீர்ச்செடியின் இலைக்கு அடியில் கண்ணாடிக் கூழ் போன்ற ஒரு சிறு மொத்தை ஒட்டியிருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஊசிமுனை அளவுப் புள்ளிகள் பல பத்து தெரியும். அத்தனையும் முட்டைகள். கதகதப்பான தண்ணீரில் ஓரிரு வாரத்தில் பொரித்துவிடும். குளிர்நாடுகளைப் போல இங்கே குளிர்காலம் அவற்றைத் தடுப்பதில்லை. தேனியிலும் கம்பத்திலும் ஆண்டு முழுக்கப் பெருகலாம்.

ஆனால் பொரித்த குஞ்சுகள் அத்தனையும் வளர வேண்டுமென்றால் தீனி வேண்டும். அந்தத் தீனி மீனுக்குப் போடும் தீவனத்தில் மிஞ்சுவதுதான். காலையில் அப்பா ஒரு பிடி, பள்ளிவிட்டு வந்து பிள்ளை ஒரு பிடி, இரவில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதே என்று இன்னொரு பிடி. மீன் தின்னாதது கூழாங்கல் இடுக்கில் போய் அழுகுகிறது. தண்ணீரைக் கெடுப்பது அந்த அழுகல். நத்தை அதைத் தின்று பெருகுகிறது. தொட்டியில் நூறு நத்தை இருந்தால், நூறு நத்தைக்கான சோறு தினமும் வீணாகிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. நத்தைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தீவனத்தை அப்படியே தொடர்ந்தால், அதே அழுகல் அமோனியாவாக மாறி மீனின் செவுளைத்தான் தாக்கும்.

"மருந்து ஊற்றினால் ஒரே இரவில் தீரும்"

தாமிரம் நத்தையைக் கொல்லும் என்பது உண்மை. எகிப்திலும் சூடானிலும் நத்தைக் காய்ச்சலைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்கப் பாசனக் கால்வாய்களில் மயில்துத்தம் கலந்த காலம் உண்டு. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த நிக்ளோசமைடு என்ற மருந்து அந்த இடத்தைப் பிடித்தது. அதுவும் மீனைக் கொல்லும். நத்தையை மட்டும் கொன்று மீனைத் தொடாத மருந்தைப் பொதுச் சுகாதாரத் துறையினரே நெடுங்காலமாகத் தேடிவருகிறார்கள். அது ஒரு சிட்டிகை துத்தத்தில் கிடைத்துவிடாது.

தாமிரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது திராட்சைத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஒரு சத போர்டோ கலவைக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கி முடித்ததும் இரும்புக் கத்தியையோ அரிவாள் முனையையோ கலவையில் நனைத்துப் பார்ப்பார்கள். இரும்பில் செந்நிறம் படிந்தால் தாமிரம் இன்னும் கரைந்த நிலையில் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அப்படியே அடித்தால் இலை கருகும். உடனே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். தாமிரத்தின் உக்கிரத்தை அடக்குவது சுண்ணாம்பு.

மீன்தொட்டியில் அந்தச் சுண்ணாம்பு எங்கே இருக்கிறது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலைக்காட்டு மழையிலிருந்து வருவது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அத்தகைய மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் நச்சு கூடுதலாக ஏறும். போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம் என்பதால் அதே அளவு வேறு மாதிரி வேலை செய்யும். பக்கத்து வீட்டில் பலித்த அளவு இந்த வீட்டில் மீனைக் கொல்வதற்கு இதுவே காரணம். வண்ண இறால் வைத்திருப்பவர்கள் தாமிரத்தின் பக்கமே போகக் கூடாது. நத்தையைக் கொல்வதற்கு முன்பே இறாலைக் கொன்றுவிடும்.

மருந்து பலித்துவிட்டால் வரும் விபரீதம் இன்னும் பெரிது. கற்களுக்கு அடியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நத்தைகள் செத்து அழுகும்போது அமோனியா திடீரென்று ஏறும். சூடான, காரத்தன்மையுள்ள தண்ணீரில் அமோனியாவின் நச்சு இன்னும் கடுமை. தாமிரத்தின் அளவு மிஞ்சினால், அமோனியாவைச் சிதைக்கும் பில்டர் பாக்டீரியாக்களும் அடிபடும். மணலுக்குள் புதைந்து வாழும் கூம்பு நத்தையோ தன் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு தப்பிவிடும். அதில் ஆண் துணையில்லாமலே பெண் குட்டி போடும்; ஒன்று பிழைத்தாலும் கூட்டம் மீண்டும் உருவாகும்.

"நத்தை தின்னும் மீனை விட்டால் போதும்"

கடைக்காரர்கள் கை காட்டுவது பெரும்பாலும் கிளவுன் லோச்சை. சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடியை எட்டும். கூட்டமாக வாழ வேண்டிய மீனும்கூட. இரண்டு அடித் தொட்டியில் அதைத் தனியாக அடைப்பது நத்தைப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு மீனின் வாழ்நாளையே வதையாக்குவது.

அடுத்து வருவது பட்டாணி அளவுக் குள்ளப் பேத்தை. 1941இல் பம்பை ஆற்றிலிருந்து விவரிக்கப்பட்ட இம்மீன், மலைக்கு அந்தப் பக்கம் கேரள ஆறுகளுக்குரியது. நத்தையை விரும்பித் தின்னும் என்பதில் ஐயமில்லை; கப்பி மீனின் வாலையும் விரும்பிக் கடிக்கும். வணிகத்துக்காக ஆற்றிலிருந்தே பிடிக்கப்படும் இந்த மீனை அழிவை நோக்கிச் செல்லும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ளது. மற்ற நத்தைகளை வேட்டையாடும் அசாசின் நத்தை இவற்றைவிடப் பொருத்தமான தேர்வு என்றாலும், அதுவும் தொட்டியிலேயே இனம்பெருக்கும். எந்த உயிரை விட்டாலும் தீவனத்தின் அளவு குறையாதவரை அடியில் அழுகுவது நிற்காது.

"செடியெல்லாம் போய்விடும்"

வயலிலும் குளத்திலும் கிடக்கும் பெரிய ஆப்பிள் நத்தைக்கு இது பொருந்தும். அது செடியைத் தின்னும். அதைத் தொட்டியில் விடாமலிருப்பதே நல்லது. சிறு குமிழ் நத்தையும் தட்டை நத்தையும் பெரும்பாலும் பாசியையும், மஞ்சளித்து அழுகத் தொடங்கிய இலையையும்தான் சுரண்டுகின்றன. ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழியை அதன்மேல் போடுகிறோம். இலை முன்பே வெளிச்சமோ சத்தோ போதாமல் நொந்திருக்கும். கூம்பு நத்தை மணலைக் கிளறி அடியில் கழிவு தேங்காமலும் பார்த்துக்கொள்கிறது. எண்ணிக்கை மிதமிஞ்சும்போது பில்டர் மோட்டாரின் விசிறியில் சிக்கி அடைத்துக்கொள்வது மட்டும் உண்மையான தொல்லை. அதற்கு உறிஞ்சு வாயில் ஒரு துண்டு பஞ்சு போதும்.

"நோய் பரப்பும்"

இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. நம் வாய்க்கால்களில் வாழும் தட்டை நத்தை மாடுகளுக்குக் குறட்டை நோயைக் கொண்டுவரும் இரத்தப் புழுவைச் சுமக்கும். மாட்டின் மூக்குக்குள் சதை வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் வரும் இந்த நோய்க்குக் காரணமான புழு 1933இல் சென்னை மாகாணத்தில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மாட்டின் மூக்குச்சளியில் வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரித்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, மறுபடி மாட்டின் தோலைத் துளைத்து நுழைகிறது. இதே வகைப் புழுக்களின் இளம் பருவம் வயலில் இறங்குபவரின் காலில் அரிப்பையும் உண்டாக்கும்.

வீட்டுத் தொட்டியில் இந்தச் சுழற்சிக்கு மாடு கிடையாது. புழுவும் நத்தையின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. தொட்டிக்குள்ளேயே பொரித்து வளர்ந்த நத்தையிடம் அந்தப் புழு இருக்க வழியில்லை. கவனிக்க வேண்டியது, வாய்க்காலிலிருந்து வேலம்பாசியோடு அள்ளிவந்த வளர்ந்த நத்தையைத்தான். செடியை முதலில் தனி வாளித் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் போட்டுவைத்து, தென்படும் நத்தைகளையும் கூழ் மொத்தைகளையும் எடுத்துவிட்டுத் தொட்டியில் நட்டால் அந்தக் கவலையும் தீரும்.

ஆக, செய்ய வேண்டியவை சில. ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீவனம். வாரம் ஒருமுறை டியூப் போட்டுக் கற்களுக்கு இடையிலிருக்கும் கழிவை உறிஞ்சி எடுத்து, கால் பங்கு தண்ணீர் மாற்றுதல். இரவு விளக்கணைத்ததும் லேசாக வெந்த சுரைக்காய்த் துண்டையோ வெள்ளரித் துண்டையோ கல்லில் கட்டி அடியில் இறக்குதல். விடிந்து தூக்கினால் துண்டு கண்ணுக்குத் தெரியாதபடி நத்தை மொய்த்திருக்கும், அப்படியே எடுத்துவிடலாம். கடையில் வாங்கும் மஞ்சள் நிற மிஸ்டரி நத்தை முட்டையிடுவது தண்ணீருக்கு மேலே, கண்ணாடியின் ஓரத்தில். வாரம் ஒருமுறை அந்தக் கொத்தைச் சுரண்டினாலே அதன் பெருக்கம் நின்றுவிடும். தீவனம் குறைந்த சில வாரங்களில் மற்ற நத்தைகளும் தாமாகக் குறையும்.

எடுத்த நத்தைகளை வாய்க்காலில் கொட்டும் பழக்கம்தான் உண்மையில் ஆபத்தானது. நம் தொட்டிகளில் வாழும் குமிழ் நத்தையின் பூர்வீகம் வட அமெரிக்கா. செடிகளோடு பயணித்து உலகெங்கும் பரவிவிட்டது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்காக 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பிலிப்பைன்ஸ்வரை நெல் நாற்றுகளை மேய்ந்துகொண்டே போனது. பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் அத்தகைய உயிர் ஒன்று வாய்க்கால் வழி இறங்க இடம் தரக் கூடாது. பிடித்த நத்தைகளைக் கொதிநீரில் போட்டு எருக்குழியில் சேர்க்கலாம். தொட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், ஈரம் காய்ந்த மண்ணாகப் பார்த்துத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டால் அதிலிருக்கும் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும்.