வேகமும் விவேகமும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பி.எம்.டபிள்யூ மகிழுந்து வாங்கினால் நம் சமுதாயத்தில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. பெரியவர்கள், "வாத்தியாருக்கு எதற்கு இந்தப் பகட்டு?" என்கின்றனர். மாணவர்களோ, "சார், எவ்வளவு வேகம் போகும்?" என்கின்றனர். இரண்டுக்கும் தனித்தனியே விடை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே மூன்று மாத ஓட்டத்தில் நான் கண்டவற்றையும் அவற்றால் என்னுள் எழுந்த கருத்தையும் சேர்த்தே இங்கு எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது 3 சீரிஸ் வரிசையின் 320 ஐ. 1975ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வரிசையில் இது 2018இல் அறிமுகமான தலைமுறை. ஜெர்மனியின் பெயரைத் தாங்கினாலும் இங்கு விற்கப்படும் இவ்வகை மகிழுந்துகள் கெடா மாநிலத்துக் கூலிமில் பூட்டப்படுகின்றன. நம் நாட்டுத் தொழிலாளரின் கைப்பட்ட பொருள் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

ஓட்டிப் பார்த்ததில் கண்டவை

இயந்திரம் இரண்டு லிட்டர், நான்கு உருளை, டர்போ வகை. 184 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மாணவர்கள் முதல் எண்ணையே மனப்பாடம் செய்கின்றனர். ஓட்டுபவருக்கு நாள்தோறும் உதவுவது இரண்டாவது எண்தான். அந்த முழு விசையும் நிமிடத்திற்கு 1,350 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் இயந்திரத்தை அலறவிடாமலேயே வண்டி முன்னேறுகிறது. எட்டு கியர்களும் தாமாகவே மாறுகின்றன, மாறியது தெரிவதில்லை.

இதன் அருமையை அறிய சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் கல்லுடைப்புச் சுரங்கங்களுக்குச் செல்லும் லாரிகள். மேலே காய்கறி லாரிகள். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் லாரியைக் கடந்து மீண்டும் நம் தடத்துக்குள் வந்துவிட இரண்டு மூன்று விநாடி குறைவாக ஆகிறது. எதிர்த்தடத்தில் நாம் இருக்கும் நேரம் குறைவதே இத்திறனின் உண்மையான பயன்.

வளைவுகளில் இதன் குணம் வேறு. நாம் ஓட்டிப் பழகிய சாகா, மைவி போன்றவற்றில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இதிலோ பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. முன்சக்கரங்களுக்குத் திருப்புவது ஒன்றே வேலை. எடையும் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிரப்பட்டுள்ளது. எனவே ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே திரும்புகிறது, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நல்ல எழுதுகோலைப் பிடித்து எழுதும்போது கையெழுத்து தானே சீராக வரும் அல்லவா? அந்த உணர்வுதான்.

அமைதியின் ஆபத்து

இனி, விற்பனைக்கூடங்களில் எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய மகிழுந்துகளில் வேகம் தெரிவதில்லை. பழைய கஞ்சிலில் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டுமுன் கதவு, கண்ணாடி, தளம் எல்லாம் சேர்ந்து நம்மை எச்சரிக்கும். இதிலோ 140இலும் உள்ளே மெல்லிய குரலில் உரையாடலாம் என்ற நிலை. காதும் உடலும் தரவேண்டிய எச்சரிக்கையைப் பொறியியல் நீக்கிவிட்டது. இயற்பியல் விதியை அது நீக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேல். 150 என்பது விநாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆதலால் 110இலிருந்து 150க்குச் சென்றால் வேகம் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடுகிறது. பிரேக் மிதித்த பின் ஓடும் தூரமோ இருமடங்கை நெருங்குகிறது. பிரேக் எவ்வளவு சிறந்ததாயினும் இந்த விகிதம் மாறாது.

மிச்சமாகும் நேரம்தான் எவ்வளவு? ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சட்டம் அனுமதிக்கும் 110இலேயே இடைவிடாது சென்றால் 109 நிமிடம். சட்டத்தை மீறி 130இல் சென்றால் 92 நிமிடம். பதினேழு நிமிடம்! வழியில் தாப்பா ஓய்விடத்தில் ஒரு தேநீர் குடித்தால் அது போய்விடும்.

பகட்டா? பயனா?

பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். இதன் விலை இரண்டரை இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். ஏறத்தாழ ஐந்து மைவிகளின் விலை. நானும் என் துணைவியாரும் முப்பதாண்டு உழைத்து, பிள்ளைகளின் படிப்பை முடித்துவைத்து, வீட்டுக்கடனையும் அடைத்த பின்னரே இதை வாங்கினோம். உழைத்த காசில் விரும்பியதை வாங்குவது பகட்டு என நான் கருதவில்லை. ஆனால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே ஒன்பதாண்டுக் கடனில் இதுபோன்றதை வாங்கத் துடிக்கும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சாலை வரி பெரிய சுமையன்று. தீபகற்பத்தில் அது இயந்திரக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுவதால் இதற்கு ஆண்டுக்கு 379 ரிங்கிட்தான். காப்புறுதி, டயர், பராமரிப்பு ஆகியவையே சுமை. ஒன்பதாண்டில் கடன் முடியும்போது வண்டியின் மதிப்பு பெரும்பகுதி கரைந்திருக்கும். அதே பணத்தில் ஒரு வீட்டின் முன்பணம் கட்டினால் அது வளரும்.

வெளியே இருப்பவர் யார்?

என் உள்ளத்தை உறுத்தும் செய்தி வேறொன்று. இவ்வகை மகிழுந்து 2019இல் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து விண்மீன் பெற்றது. மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போர் பிழைப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஆனால், வெளியே இருப்பவர்?

நம் நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் பள்ளி வாயிலில் நின்று பாருங்கள். தந்தை முன்னே, பிள்ளை நடுவே, புத்தகப்பை பின்னே என வந்து இறங்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களைச் சுற்றி எஃகுக் கூடும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. ஒரு தலைக்கவசம் மட்டுமே. சில பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

நாம் பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு நமக்கு மட்டுமே உரியது. நாம் கூட்டும் வேகத்தின் ஆபத்தோ பெரிதும் அவர்களுக்கு உரியதாகிறது. இந்தக் கணக்கில் எங்கோ அறம் பிழைக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆற்றல் மிக்க மகிழுந்தை வைத்திருப்பவருக்குச் சாலையில் உரிமை கூடுவதில்லை; கடமைதான் கூடுகிறது. இடப்பக்கக் கண்ணாடியை இன்னொரு முறை பார்ப்பது, தடம் மாறுமுன் விளக்குக் காட்டுவது, மழையில் வேகத்தைத் தாமாகவே குறைப்பது, மோட்டார் சைக்கிளைக் கடக்கும்போது ஒரு முழுத் தடத்தை அதற்கு விட்டுக்கொடுப்பது: இவற்றுக்கு ஒரு ரிங்கிட்டும் செலவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்கிறீர்கள். நூறை எட்ட ஏழு விநாடி சொச்சம் ஆகும் என்று ஏட்டில் போட்டிருக்கிறது. உங்கள் ஆசிரியருக்கு அந்த எண் இதுவரை எதற்கும் பயன்படவில்லை. இனி எந்த மகிழுந்தைக் கண்டாலும், "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்கப் பழகுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் தலைமுறை ஒன்று உருவானால், காலையில் பிள்ளையை இறக்கிவிட்டுச் செல்லும் தந்தையர் மாலையில் நலமாக வீடு திரும்புவார்கள்.

உங்கள் கருத்து என்ன, அன்பர்களே?